கொடிக் கயிற்று நிழலும் செவ்வாயின் கிரகணமும்

செவ்வாயில் ஓடிக்கொண்டிருக்கும் ரோவர்கள், அதாவது சக்கரம் வைத்த ஆய்வு வண்டிகள், சூரியனைப் படம் பிடித்து அனுப்பும்போதெல்லாம் ஒரே மாதிரித் தலைப்புகள் வருகின்றன. "செவ்வாயில் சூரிய கிரகணம்", "செவ்வாயை இருள் சூழ்ந்த தருணம்". பெர்சவரன்ஸ் ரோவர் 2024 செப்டம்பர் 30 அன்று எடுத்த காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. வெளிறிய ஒரு வட்டம். அதன் மேல் கோணல்மாணலாக ஒரு கறுப்புக் கட்டி, செவ்வாயின் நிலவுகளில் ஒன்றான ஃபோபோஸ், விறுவிறுவென்று ஓடி மறைகிறது. அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, சூரியன் பெரும்பாதி அப்படியே தெரியுதே, இருட்டவே இல்லையே, அப்புறம் இது எப்படி கிரகணம்?" என்று கேட்டாள்.

தலைப்பு எழுதியவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதைப் புரிந்துகொள்ள வானியல் படித்திருக்க வேண்டாம். நல்ல வெயிலும், மொட்டை மாடியில் துணி காயப்போடும் ஒரு கொடிக் கயிறும் இருந்தால் போதும்.

## மொட்டை மாடியில் ஒரு சோதனை

காலை பத்து மணி வெயிலில் மாடிக்குப் போங்கள். தலைக்கு மேலே கட்டியிருக்கும் கொடிக் கயிற்றின் நிழலைத் தரையில் தேடுங்கள். எளிதில் அகப்படாது. உற்றுப் பார்த்தால் மங்கலாக, ஓரம் கலைந்த ஒரு கோடு தெரியும். அதே கயிற்றின் ஒரு நுனி அவிழ்ந்து தரையை ஒட்டித் தொங்கினால், அந்த இடத்தில் மட்டும் நிழல் மை தீட்டியது போலக் கறுப்பாக விழும். கயிறு ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். தரையிலிருந்து இருக்கும் உயரம் மட்டுமே வேறு.

காரணம், சூரியன் ஒரு புள்ளி அல்ல, அகலமான ஒரு தட்டு. கயிற்றுக்கு மிக அருகில் இருக்கும் இடத்தை அந்தத் தட்டின் எந்தப் பகுதியின் ஒளியும் எட்டாது. அங்கே நிழல் முழுக் கறுப்பு. இதற்குக் கருநிழல் என்று பெயர். கயிற்றிலிருந்து விலக விலக, தட்டின் இடது ஓரத்திலிருந்தும் வலது ஓரத்திலிருந்தும் வரும் ஒளி கயிற்றுக்குப் பின்னால் புகுந்துவிடுகிறது. கருநிழல் இரு பக்கமும் அரிக்கப்பட்டு, ஒரு தூரத்தில் கூர்ந்து முடிந்துபோகிறது.

இப்போது அந்த மங்கலான கோட்டில் ஓர் எறும்பு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது மேலே பார்த்தால் என்ன தெரியும்? சூரியன் மறைந்திருக்காது. சூரியத் தட்டின் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கயிற்றுக்கு இருபுறமும் சூரியன் பளிச்சென்று தெரியும். கருநிழல் முடிந்த பிறகு, அதற்கு அப்பால் தொடரும் இந்த மங்கல் பகுதியை எதிர்நிழல் என்று சொல்லலாம்.

செவ்வாயில் நிற்கும் ரோவர்தான் அந்த எறும்பு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

## எத்தனை மடங்கு தூரம்?

கருநிழல் எங்கே முடியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் தூரம், சூரியனின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 108 மடங்கு. அதனால் பூமியருகே எந்தப் பொருளின் கருநிழலும் அதன் அகலத்தைப் போல 108 மடங்கு நீளும், அதற்குப் பிறகு இல்லை. (108 என்றதும் பலருக்குச் ஜபமாலை ஞாபகம் வரும். இங்கே அது வெறும் அளவுதான். துல்லியமாகப் பார்த்தால் 107-க்கும் 108-க்கும் இடையில்.)

அரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள கயிற்றுக்குக் கருநிழல் 54 சென்டிமீட்டர். கயிறு இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் கருநிழல் தரையைத் தொட வழியே இல்லை. பயணிகள் விமானத்தின் உடல் ஏறக்குறைய 4 மீட்டர் அகலம். அதன் கருநிழல் 430 மீட்டர். தரையிறங்கும் நேரத்தில் விமானத்தின் நிழல் வயல் மேல் தெளிவாக ஓடுவதும், பத்து கிலோமீட்டர் உயரத்தில் போகும்போது கீழே நிழலே காணாமல் போவதும் இதனால்தான்.

இனி நம் நிலாவை எடுத்துக்கொள்வோம். விட்டம் 3,474 கி.மீ. அதை 108-ஆல் பெருக்கினால் சுமார் 3,75,000 கி.மீ. நிலா பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஆனால் அதன் பாதை முழு வட்டம் அல்ல, சில நாள் கிட்டே வரும், சில நாள் எட்டிப் போகும். கிட்டே இருக்கும் நாளில் குறுக்கிட்டால் கருநிழலின் நுனி பூமியைத் தொட்டுவிடும். அந்தக் குறுகிய பட்டையில் இருப்பவர்களுக்குப் பட்டப்பகலில் இருட்டும். அது முழு சூரிய கிரகணம். எட்டி இருக்கும் நாளில் நுனி வானத்திலேயே முடிந்துவிடும். அப்போது சூரியனின் ஓரம் வளையல் போல மிஞ்சும். அதுதான் கங்கண கிரகணம். 2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல்லிலும் புதுக்கோட்டையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தவர்கள் கண்டது அதைத்தான். அன்று நம் தலைக்கு மேலே நிலாவின் கருநிழல் தரையை எட்டாமல் முடிந்துபோயிருந்தது. எதிர்நிழலில் நின்றுகொண்டிருந்தோம்.

பூமியில் முழு கிரகணம் வாய்ப்பது எவ்வளவு நூலிழைக் கணக்கு என்பது இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும். நிலாவின் கருநிழல் சரியாகத் தரையைத் தொடுகிற நீளத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நமக்கு அப்படி அமைந்திருக்கிறது. நம் அனுபவத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு செவ்வாயைப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

## செவ்வாயின் இரண்டு கற்கள்

செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள்: ஃபோபோஸ், டெய்மோஸ். 1877 ஆகஸ்டில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் அசாஃப் ஹால் ஒரே வாரத்துக்குள் இரண்டையும் கண்டுபிடித்தார். தேடல் பலிக்காமல் அவர் கைவிடவிருந்தபோது, தொடர்ந்து தேடச் சொல்லி ஊக்கியவர் மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. ஃபோபோஸின் மேல் இருக்கும் ஆகப் பெரிய பள்ளத்துக்கு, சுமார் 9 கி.மீ. அகலமுள்ளது, அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் செய்தி எப்போது படித்தாலும் மகிழ்ச்சி தரும்.

நிலவு என்றதும் உருண்டையை நினைத்துவிடக் கூடாது. ஃபோபோஸ் 27 கி.மீ. நீளம், 22 கி.மீ. அகலம், 18 கி.மீ. உயரம். டெய்மோஸ் அதிலும் பாதி போல. சராசரி விட்டம் 12 கி.மீ. சொச்சம். நம் நிலா போன்ற பெரிய பொருளில், அதன் சொந்த ஈர்ப்பே எல்லாப் பக்கமும் உள்ளிழுத்து உருண்டை ஆக்கிவிடும். இவ்வளவு சிறிய கல்லுக்கு அந்த இழுப்பு போதாது. உடைந்த வடிவம் உடைந்தபடியே நிற்கும். காணொளியில் தெரியும் கறுப்பு, சேப்பங்கிழங்கு மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை, படம் போலியும் இல்லை.

தூரத்துக்கு வருவோம். செவ்வாய்த் தரையிலிருந்து ஃபோபோஸ் வெறும் 6,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. இவ்வளவு கிட்டத்தில் தன் கோளைச் சுற்றும் நிலவு சூரியக் குடும்பத்தில் வேறு இல்லை. டெய்மோஸ் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில்.

இப்போது கயிற்றுக் கணக்கைப் போடலாம். செவ்வாய் நம்மைவிட ஒன்றரை மடங்கு தொலைவில் சூரியனைச் சுற்றுகிறது. சூரியத் தட்டு அங்கே சிறிதாகத் தெரியும். அதனால் கருநிழல் நம் ஊரைவிட நீளமாகப் போகும். 108-க்குப் பதில் அங்கே சுமார் 164 மடங்கு. ஃபோபோஸின் 22 கி.மீ. அகலத்தை 164-ஆல் பெருக்கினால் சுமார் 3,600 கி.மீ. தரைக்கு வர வேண்டுமானால் 6,000 தேவை. டெய்மோஸுக்குக் கருநிழல் ஏறத்தாழ 2,000 கி.மீ.; தேவை 20,000.

இரண்டின் கருநிழலும் தரையைத் தொடுவதில்லை. ஃபோபோஸின் நிழல் பாதி வழி தாண்டி முடிகிறது. டெய்மோஸின் நிழல் பத்தில் ஒரு பங்கு தூரம் வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால் செவ்வாயின் எந்த மூலையில் நின்றாலும் இன்றைக்கு முழு சூரிய கிரகணம் கிடையாது.

இப்படி ஒரு சிறு பொருள் சூரியத் தட்டை மூடாமல் அதன் குறுக்கே நடந்துபோவதைக் கடப்பு என்கிறார்கள். 2004-லும் 2012-லும் வெள்ளி கோள் சூரியனைக் கடந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம், அது கடப்பு. டெய்மோஸ் சூரியன் முன் போவதைக் கடப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோபோஸ் கொஞ்சம் பெரிதாகத் தெரிவதால் அதைக் கங்கண கிரகணம் என்று சொல்வோரும் உண்டு, அதில் தவறில்லை. "இருள் சூழ்ந்தது" என்பதில்தான் தவறு.

## மிளகு, பயறு, கடுகு, ரவை

கிலோமீட்டரை வைத்துக்கொண்டு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கற்பனை செய்வது கடினம். அதற்குச் சமையலறைக்குப் போகலாம்.

ஒரு பொருள் பெரிதாகத் தெரிகிறதா சிறிதாகத் தெரிகிறதா என்பது அதன் அகலத்தை மட்டும் பொறுத்ததல்ல. அகலத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. அதைக் கோண அளவு என்பார்கள். பௌர்ணமி இரவில் ஒரு மிளகை இரண்டு விரலுக்கு இடையில் பிடித்துக் கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மிளகு நிலாவை ஏறத்தாழ மூடிவிடும். பூமியிலிருந்து பார்த்தால் சூரியனும் அதே அளவுதான். (சூரியனை வைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஒரு கணம்கூட. கண் போய்விடும்.)

செவ்வாயில் நின்று கையை நீட்டினால் சூரியனை மூட ஒரு பாசிப்பயறு போதும். உச்சி வானத்தில் இருக்கும் ஃபோபோஸ், அதே கை நீட்டிய தூரத்தில் ஒரு கடுகு. டெய்மோஸ் ஒரு ரவைத் துணுக்கு. பயற்றின் மேல் கடுகு நகர்வதும், பயற்றின் மேல் ரவை நகர்வதும்தான் ரோவர்கள் அனுப்பும் காணொளிகள்.

இதிலிருந்து ஒளி எவ்வளவு குறையும் என்பதும் தெரிந்துவிடும். ஃபோபோஸ் நேர் நடுவே போனால் சூரியத் தட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மறையும். மெல்லிய மேகம் ஒன்று சூரியனைத் தாண்டிப் போனால் நம் முற்றத்தில் என்ன மாற்றம் தெரியுமோ அதற்கு ஒப்பானது. டெய்மோஸ் மறைப்பது நூற்றில் ஒரு பங்கு. அங்கே நிற்கும் மனிதருக்கு ஏதாவது நடந்தது என்றே தெரியாது.

ஃபோபோஸிடம் ஒரு விசித்திரமும் உண்டு. நம் நிலா அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது மனப்பிரமை. அளந்தால் உச்சியில் இருப்பதைவிட ஒரு துளி சிறிதுதான். ஃபோபோஸில் இந்த வித்தியாசம் உண்மையானது, அதுவும் பெரியது. உச்சியில் இருக்கும்போது பார்ப்பவருக்கும் அதற்கும் 6,000 கி.மீ.; அடிவானத்தில் இருக்கும்போது சுமார் 8,700 கி.மீ. அவ்வளவு கிட்டத்தில் சுற்றுவதால் கோளின் பருமனே தூரத்தை மாற்றிவிடுகிறது. மேலே ஏற ஏற நிலவு வீங்கி, இறங்க இறங்க வற்றும். ஒரே ஃபோபோஸ் ஒரு காணொளியில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் இருந்தால் காரணம் இது.

## அரை நிமிடத்தில் முடிந்துவிடும் கிரகணம்

பூமியில் கிரகணம் என்றால் முதல் கடியிலிருந்து கடைசி விலகல் வரை இரண்டு மூன்று மணி நேரம். குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று வீட்டில் சொல்வதற்குள் மதியம் ஆகிவிடும். செவ்வாயில் ஃபோபோஸ் சூரியனைக் கடக்க எடுத்துக்கொள்வது அரை நிமிடம். தாழ்வாக இருக்கும்போது அது தூரத்தில் இருப்பதால் சற்று மெதுவாகத் தெரியும். 2022 ஏப்ரல் 2 அன்று பெர்சவரன்ஸ் பதிவுசெய்த கடப்பு 40 நொடிகளுக்குக் கொஞ்சம் அதிகம். டெய்மோஸுக்கு இரண்டு நிமிடம் வரை ஆகும்.

ஒரு கோளுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சுற்றினால்தான் நிலவு விழாமல் இருக்க முடியும். ஃபோபோஸ் நொடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 7 மணி 39 நிமிடத்தில் செவ்வாயை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்ற 24 மணி 37 நிமிடம் ஆகிறது. கோள் ஒரு முறை உருள்வதற்குள் நிலவு மூன்று சுற்று முடித்துவிடும். விளைவு, ஃபோபோஸ் மேற்கே உதித்துக் கிழக்கே மறைகிறது. டெய்மோஸ் ஒரு சுற்றுக்கு 30 மணி நேரம் எடுத்துக்கொள்வதால் வழக்கம் போலக் கிழக்கே உதித்து, நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி ஊர்ந்து, இரண்டரை நாளுக்கு மேல் வானத்தில் இருக்கும்.

தரையில் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். ஃபோபோஸின் மங்கல் நிழல் செவ்வாய் மேல் ஏறத்தாழ 60 கி.மீ. அகலமுள்ள ஒரு திட்டு. அதன் நடுவே 14 கி.மீ. அளவுக்குள் இருப்பவருக்கு மட்டும் கறுப்பு முழுவதும் சூரியத் தட்டுக்குள் அடங்கித் தெரியும். சுற்றியுள்ள பகுதியில் சூரியனின் ஓரம் கடிபட்டது போலத் தெரியும். இந்தத் திட்டு நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பாலைநிலத்தின் மேல் ஓடுகிறது. அரை நிமிடம் என்பது, அது ஒரு ரோவரைத் தாண்ட எடுக்கும் நேரம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நிலவுகள் சிறியவை, அவற்றின் கருநிழல் தரைக்கு வருவதில்லை, ரோவர் நிற்பது எதிர்நிழலில், அதுவும் நொடிக்கணக்கில்.

## இது அபூர்வமா?

"அரிய காட்சி" என்ற சொல்லும் இந்தச் செய்திகளோடு ஒட்டியே வரும். ஃபோபோஸைப் பொறுத்தவரை அது பொருந்தாது. வருடத்தின் பெரும்பகுதியில், அது ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அதன் நிழல் செவ்வாயின் ஏதோ ஓர் இடத்தின் மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்கு அபூர்வமாகத் தோன்றுவது, பார்ப்பதற்கு அங்கே இரண்டு மூன்று கண்களே இருப்பதால்.

ஃபோபோஸ் செவ்வாயின் நடுக்கோட்டுக்கு மேலேயே, ஒரு டிகிரி சாய்வில் சுற்றுகிறது. செவ்வாயின் அச்சோ 25 டிகிரி சாய்ந்தது. அதனால் நம் உத்தராயணம், தட்சிணாயணம் போல அங்கும் சூரியன் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. விளக்கு இடப்பக்கம் இருந்தால் நிழல் வலப்பக்கம் விழும். சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில் ஃபோபோஸின் நிழல் தெற்கே விழும். சூரியன் ஒரு கோடியில் இருக்கும்போது நிழல் கோளையே தவறவிட்டு வெளியே போய்விடுகிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் ரோவருக்கு, 687 நாள் நீளும் செவ்வாய் ஆண்டில், சில வாரங்களுக்கு மேல் நீடிக்காத கடப்புப் பருவங்கள் இரண்டு வாய்க்கின்றன. எந்த நாள், எந்த நொடி என்பதைக் கணித்து, கேமராவை முன்கூட்டியே திருப்பி வைக்கிறார்கள்.

## படத்தில் வானம் ஏன் கறுப்பு?

இருள் சூழ்ந்தது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்குத் தெரிந்து படத்தின் பின்னணியிலிருந்துதான். சூரியனைச் சுற்றி எல்லாமே கறுப்பாக இருக்கிறது. பார்த்தவர்கள் இரவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அது பட்டப்பகல். சூரியனை நேராகப் படம் பிடிக்க, கேமரா முன் மிக அடர்த்தியான வடிகட்டி போடப்படுகிறது. நாம் கிரகணம் பார்க்கப் போடும் கண்ணாடி போல. அதன் வழியே சூரியத் தட்டு மட்டும் தெரியும். பிரகாசமான வானம்கூடக் கறுத்துப்போகும். இந்த வடிகட்டியை நிலவுகளைப் பார்ப்பதற்கென்று வைக்கவில்லை. செவ்வாயின் காற்றில் எவ்வளவு தூசி மிதக்கிறது என்று அறிய ரோவர்கள் அடிக்கடி சூரியனைப் படம் எடுக்கின்றன. சூரியன் எவ்வளவு மங்கியிருக்கிறதோ அவ்வளவு தூசி. அந்த வேலைக்காக வைத்த கருவி, கடப்புகளையும் பிடித்துத் தருகிறது.

## நொடிகளை எண்ணி நிலவை எடைபோடுவது

அழகுக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. ஒரு நிலவு சூரியத் தட்டின் ஓரத்தைத் தொட்ட நொடியைப் பதிவுசெய்தால், அந்தக் கணத்தில் நிலவு எங்கே இருந்தது என்பது சில கிலோமீட்டர் துல்லியத்தில் தெரிந்துவிடும். அட்டவணைப்படி வர வேண்டிய ரயில் எத்தனை நிமிடம் தள்ளி வந்தது என்று நடைமேடையில் நின்று குறிப்பதைப் போன்ற வேலை.

முதல் முயற்சி 1977-ல். வைக்கிங் 1 என்ற அமெரிக்கத் தரைக்கலம் செவ்வாய்த் தரையில் நின்றுகொண்டிருக்க, மேலே சுற்றிய வைக்கிங் கலம் ஃபோபோஸின் நிழலைப் படம் எடுத்தது. கீழே இருந்த கலம் ஒளி மங்கியதை உணர்ந்தது. இரண்டையும் வைத்துத் தரைக்கலம் சரியாக எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கடப்பையே நேராகப் படமாக எடுத்தது ஆப்பர்ச்சூனிட்டி ரோவர்: 2004 மார்ச் 4 அன்று டெய்மோஸ், மூன்று நாள் கழித்து ஃபோபோஸ். டெய்மோஸ், கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 40 கி.மீ. விலகியிருந்தது! நூறாண்டுக்கு மேல் பார்த்துப் போட்ட கணக்கை, ஒரு சிறு கேமரா ஒரே பார்வையில் திருத்தியது. பிறகு ஸ்பிரிட், கியூரியாசிட்டி, பெர்சவரன்ஸ் எல்லாம் அந்தக் கணக்கை மேலும் மேலும் கூர்மையாக்கின.

ஃபோபோஸில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. அது அட்டவணையைவிட முன்னதாகவே வந்துகொண்டிருக்கிறது. 1945-ல் பெவன் ஷார்ப்லெஸ் என்ற வானியலாளர் இதைக் கவனித்தார். சுற்றும் நேரம் குறைகிறது என்றால் நிலவு கோளை நெருங்குகிறது என்று பொருள். ஏன் நெருங்க வேண்டும்? செவ்வாயின் மெல்லிய காற்று உரசி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஃபோபோஸ் மிக மிக லேசாக இருக்க வேண்டும். 1950-களின் கடைசியில் சோவியத் வானியலாளர் யோசிஃப் ஷ்க்ளோவ்ஸ்கி, அப்படியானால் அது உள்ளே வெறுமையான, யாரோ செய்துவைத்த பொருளாக இருக்கலாமோ என்றுகூட எழுதினார். அந்த ஊகம் இன்றைக்கும் யூடியூபில் "மறைக்கப்பட்ட உண்மை" என்று சுற்றுகிறது. விடை எப்போதோ கிடைத்துவிட்டது.

நம் நிலா கடலை இழுத்து ஓதம் எழுப்புவது நமக்குத் தெரியும். கடல் மட்டுமல்ல, பாறையும் மிகச் சிறிதளவு புடைக்கும். இப்படிப் புடைக்க வைக்கும் இழுப்பு ஓத விசை. ஃபோபோஸ் செவ்வாயின் பாறையைப் புடைக்க வைக்கிறது. ஆனால் ஃபோபோஸ் கோளின் சுழற்சியைவிட வேகமாக ஓடுவதால், புடைப்பு எப்போதும் அதற்குப் பின்தங்கியே எழுகிறது. பின்னாலிருக்கும் அந்தப் புடைப்பு, ஓடுகிறவரின் சட்டையைப் பிடித்து இழுப்பது போல ஃபோபோஸைப் பின்னிழுக்கிறது. ஆற்றல் குறைந்து அது தாழ்கிறது: நூறு ஆண்டுக்குச் சுமார் 1.8 மீட்டர். இப்படியே போனால் 5 கோடி ஆண்டு அளவில் அது செவ்வாயில் மோதும், அல்லது அதற்கு முன்பே நொறுங்கி வளையமாகப் பரவும். நம் நிலாவில் எல்லாம் தலைகீழ்: பூமி வேகமாகச் சுழல்வதால் புடைப்பு முன்னால் இருக்கிறது, நிலாவை முன்னிழுத்து ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் எட்ட அனுப்புகிறது.

ஃபோபோஸ் எவ்வளவு வேகமாகத் தாழ்கிறது என்பது செவ்வாயின் உட்புறம் எவ்வளவு நெகிழ்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக, சூரியன் மேல் ஒரு கறுப்புக் கட்டி ஓடும் நொடிகளை எண்ணினால், காலடியில் இருக்கும் கோளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் ஒரு தடயம் கிடைக்கிறது.

இன்சைட் கலம் இந்த நிழலைக் கேமரா இல்லாமலே கண்டுகொண்டது. 2018 நவம்பரில் இறங்கி நில அதிர்வுகளை அளந்துகொண்டிருந்த கலம் அது. ஃபோபோஸ் சூரியன் முன் போன அந்த அரை நிமிடத்தில் சூரியத் தகடுகளின் மின்சாரம் தணிந்தது. தரை லேசாகக் குளிர்ந்தது. குளிர்ந்த தரை எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்காததால் அதிர்வுமானி அணு அளவில் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை அதுவே பதிவும் செய்தது. மேகம் கடந்தது போன்ற மங்கல்தான் என்று மேலே சொன்னேன். அந்த மங்கலுக்கும் தரை அசைகிறது.

## இனி ஒரு புள்ளி, அதன் அருகே இன்னொரு புள்ளி

அண்ணன் மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப செவ்வாய்ல இருந்து பார்த்தா நம்ம பூமியும் சூரியனைக் கடக்குமா அத்தை?" என்றாள். கடக்கும். பூமி சூரியனுக்கும் செவ்வாய்க்கும் இடையில் சுற்றுவதால், மூன்றும் நேர்கோட்டில் வரும் நாளில் பூமி ஒரு கறுப்புப் புள்ளியாகச் சூரியத் தட்டின் மேல் போகும். டெய்மோஸைவிடச் சிறிய புள்ளி. அரை நிமிடத்தில் ஓடி மறையாது, பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கியூரியாசிட்டி 2014 ஜூன் 3 அன்று புதன் கோள் சூரியனைக் கடப்பதை இப்படிப் பார்த்தது. பூமியல்லாத வேறொரு கோளிலிருந்து ஒரு கோளின் கடப்பைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

பூமியின் கடப்பு கடைசியாக நடந்தது 1984 மே 11. பார்க்க அங்கே யாரும் இல்லை. வைக்கிங் 1 அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே பேச்சை நிறுத்தியிருந்தது. அடுத்தது 2084 நவம்பர் 10. அன்று செவ்வாயில் நின்று தகுந்த வடிகட்டி வழியாகப் பார்த்தால், பயறு அளவுச் சூரியன் மேல் ஒரு புள்ளி பூமி. அதிலிருந்து சற்றுத் தள்ளி, அதைவிடவும் சிறிய இன்னொரு புள்ளி நிலா. என் அண்ணன் மகளுக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். தேதியைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.